கண்குழிக் கட்டி: கத்தி எடுக்கும் முன்னும் பின்னும்

கண்குழியின் கொள்ளளவு ஏறத்தாழ 30 மி.லி. கண்ணே அதில் 7 மி.லி. வரை எடுத்துக்கொள்கிறது. மிச்ச இடத்தில் தசைகள், நரம்புகள், ரத்தக்குழாய்கள், கொழுப்பு எல்லாம் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. சுற்றிலும் எலும்பு என்பதால், கட்டி வளர்ந்தால் கண் முன்னால் பிதுங்குவதைத் தவிர வேறு வழியில்லை. ஆனால் பிதுங்கிய கண்ணெல்லாம் கட்டி அல்ல. பெரியவர்களிடம் முதலில் சந்தேகப்பட வேண்டியது தைராய்டை.

எந்தப் பக்கம் பிதுங்குகிறது என்பதே பாதி சேதி சொல்லிவிடும். நேர் முன்னால் வந்தால் கட்டி பெரும்பாலும் தசைக்கூம்புக்குள், அதாவது கண்ணை அசைக்கும் தசைகள் கண்ணுக்குப் பின்னால் கூம்பாகச் சேரும் இடத்துக்குள். கீழும் மூக்குப் பக்கமுமாகத் தள்ளினால் கண்ணீர்ச் சுரப்பி.

ஆபரேஷனில் எந்த வழியாக உள்ளே போவது என்பதைத் தீர்மானிப்பது கட்டியின் அளவு அல்ல, பார்வை நரம்பு அதற்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதுதான். நரம்பைத் தாண்டிப்போய்க் கட்டியை எடுக்கக் கூடாது. கட்டி வெளிப்பக்கம் என்றால் பக்கவாட்டு எலும்பைத் திறக்கலாம். உள்பக்கம் என்றால் இமைப்படலம் (வெண்விழியை மூடிய மெல்லிய சவ்வு) வழியாகவோ மூக்கு வழியாக எண்டோஸ்கோப்பிலோ போகலாம். எம்.ஆர்.ஐ. படத்தில் நரம்பைக் கண்டுபிடிக்காமல் தியேட்டருக்கு நாள் குறிப்பது வீண் துணிச்சல்.

பயாப்ஸி (கட்டியில் துண்டு எடுத்துச் சோதிப்பது) விஷயத்தில் ஒரே விதி எல்லாக் கட்டிக்கும் பொருந்தாது. கண்ணீர்ச் சுரப்பியில் மெல்ல வளர்ந்த, வலியில்லாத, எலும்பில் குழி விழவைத்த கட்டி பிளியோமார்பிக் அடினோமா (புற்றல்லாத ஒரு சுரப்பிக் கட்டி) போலத் தெரிந்தால், துண்டு எடுத்துப் பார்க்கவே கூடாது. உறையோடு முழுசாக எடுக்க வேண்டும். உறை கிழிந்து செல்கள் சிந்தினால் பல வருஷம் கழித்தும் திரும்ப வரும். சில நேரம் புற்றாகவும் மாறும். லிம்போமா (நிணநீர்ச் செல்களின் புற்று) நேரெதிர்: துண்டு எடுத்தால் போதும், மீதி வேலை கதிர்வீச்சுக்கும் மருந்துக்கும். அந்தத் திசுவில் ஒரு பகுதியை ஃபார்மலினில் (திசுவைப் பதப்படுத்தும் திரவம்) போடாமல் அப்படியே அனுப்ப வேண்டும். முழுவதையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் ஃப்ளோ சைட்டோமெட்ரிக்கு (செல்களை வகை பிரித்துப் பார்க்கும் சோதனை) வழியில்லை. குழந்தையின் கண் சில நாட்களில், சில வாரங்களில் மளமளவெனப் பிதுங்கினால், ராப்டோமயோசார்கோமா (குழந்தைகளுக்கு வரும், வேகமாக வளரும் புற்று) இல்லை என்று உறுதியாகும்வரை அதுதான் என்று வைத்துக்கொண்டு உடனே பயாப்ஸி செய்ய வேண்டும்.

பக்கவாட்டு வழியில் எலும்பை அறுக்கும் முன்பே தட்டுக்கும் திருகுக்கும் துளை போட்டுவிடுவது நல்லது; பிறகு எலும்புத் துண்டு அதே இடத்தில் கச்சிதமாக உட்காரும். ரம்பம் ஓடும்போது உள்ளே ரெட்ராக்டர் (திசுவை விலக்கிப் பிடிக்கும் கருவி) வைத்துக் கண்ணைக் காக்க வேண்டும். எலும்பு விலகி, பெரியார்பிட்டாவை (கண்குழி எலும்பின் உள்பக்கச் சவ்வு) திறந்ததும் கொழுப்பு பொங்கி வரும். அவசரக்காரர்கள் தடுமாறுவது இங்கேதான். கொழுப்பை வெட்டாமல், ஈரப் பஞ்சுப் பட்டைகளால் விலக்கிக்கொண்டே போனால் ஊதா நிறத்தில் கேவர்னஸ் ஹிமாஞ்சியோமா (ரத்தக்குழாய்களால் ஆன, புற்றல்லாத கட்டி) எட்டிப்பார்க்கும். கிரையோ முனையை (கடுங்குளிரால் திசுவில் உறைந்து ஒட்டும் கருவி) அதில் ஒட்டவைத்து, மெல்ல ஆட்டியபடி வெளியே கொண்டுவரலாம். முனையில் கொழுப்போ தசையோ சேர்ந்து ஒட்டினால் இழுக்கக் கூடாது. சலைன் ஊற்றி விடுவித்துவிட்டு மறுபடி வைக்க வேண்டும்.

ரெட்ராக்டரைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை தளர்த்த வேண்டும். நரம்பை வெட்டிப் பார்வை போவது அபூர்வம். தொடர்ந்து அழுத்தி, இழுத்து ரத்த ஓட்டம் நின்று போவதுதான் உண்மையான பயம். கண் பாப்பா (கருவிழியின் நடுத் துவாரம்) திடீரென விரிந்தால் கையை எடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ரத்தக் கசிவை மின்சாரத்தால் சுட்டு நிறுத்தும்போது நரம்பருகே மோனோபோலார் (மின்சாரம் உடல் வழியே பாயும் முறை) வேண்டாம். குறைந்த அளவில் பைபோலார் (கருவியின் இரு முனைகளுக்கிடையே மட்டும் பாயும் முறை) போதும்.

ஆபரேஷன் முடிந்த இரவு இறுக்கிக் கட்டுப் போடுவதில் எங்களுக்கு உடன்பாடில்லை. கட்டுக்குள் பார்வை போனால் யாருக்கும் தெரியாது. தலைமாட்டை உயர்த்தி, மணிக்கொரு தரம் வெளிச்சம் தெரிகிறதா என்று கேட்க வேண்டும். வலி கூடி, கண் கல்லாகி, பார்வை மங்கினால் உள்ளே ரத்தம் தேங்குகிறது என்று அர்த்தம். ஸ்கேனுக்கு அனுப்பாமல் படுக்கையிலேயே தையலைப் பிரித்து, வெளிக் கடைக்கண்ணை வெட்டித் தளர்த்த வேண்டும். ஒன்றரை மணி நேரம் தாண்டினால் விழித்திரை மீள்வது கடினம்.

இரட்டைப் பார்வை சில வாரம் இருக்கலாம். பார்வை நரம்புக்கு வெளிப்பக்கமுள்ள சிலியரி முடிச்சு (பாப்பாவைச் சுருக்கும் நரம்புகளின் முடிச்சு) அடிபட்டால் பாப்பா விரிந்தபடியே நின்றுவிடவும் கூடும். இவை இரண்டும் ஒப்புதல் படிவத்தில் எழுதப்பட்டு, நோயாளியிடம் முன்கூட்டியே வாய்விட்டுச் சொல்லப்பட்டிருக்க வேண்டும்.