எங்கள் அருங்காட்சியகத்துக்கு ஒரு காகிதம் தேடிய கதை

ஜனவரி இரண்டாம் வாரம் பேரூராட்சியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அரைப் பக்கம்தான். ஏப்ரல் 1 முதல் அருங்காட்சியகத்தின் கரண்ட் பில்லைப் பேரூராட்சி கட்டாது. பெருக்கித் துடைக்க வரும் அம்மாவுக்குக் கொடுத்துவந்த தொகையும் நிற்கும். கட்டடத்துக்கு வாடகை நிர்ணயிக்கப்படும், சம்மதம் இல்லை என்றால் காலி செய்யவேண்டும். காரணம் என்ற இடத்தில் இரண்டே சொல்: தணிக்கைத் தடை.

கன்னியாகுமரி மாவட்டத்தில் ஐம்பதுக்கும் மேல் பேரூராட்சிகள். கல்குளம் பக்கம் அதில் ஒன்று எங்களுடையது, பேர் வேண்டாம். பழைய வாசகசாலைக் கட்டடத்தில் இரண்டு அறை. ஒன்பது பேர் முறை வைத்து சனி, ஞாயிறு திறக்கிறோம். எங்களில் ரப்பர் பால் வெட்டுகிறவர் உண்டு, தையல்காரர் உண்டு, ஓய்வுபெற்ற டீச்சர் உண்டு. யாருக்கும் சம்பளம் கிடையாது. நான் தபால் துறையில் இருந்தவன். கணக்கு வரும் என்று பொருளாளர் ஆக்கிவிட்டார்கள்.

பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகிறவர்கள் ராஜாவின் மூலிகைக் கட்டிலைப் பார்த்துவிட்டு வருவார்கள். அது தமிழ்நாட்டு மண்ணில் கேரளத் தொல்லியல் துறை வைத்து நடத்துகிற இடம். எங்களிடம் இருப்பது குடிகளின் சாமான். நெல் அளக்கும் பறை, நாழி, எழுத்தாணி, பனையேறி காலில் மாட்டி ஏறும் திளாப்பும் முருக்குத்தடியும், உள்ளே சுண்ணாம்பு படிந்த அக்கானிக் (பதநீர்) கலயம், கொல்லம் ஆண்டு போட்டு மலையாளத்தில் எழுதிய நிலப் பத்திரங்கள், கரையில் நின்று இழுக்கும் கரமடி வலையில் ஒரு துண்டு. அப்புறம் ஒரு தகர டப்பா நிறைய திருவிதாங்கூர் காசு. பள்ளிப் பிள்ளைகளுக்கு அதுதான் பிடிக்கும். 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய் என்று சொல்லி, அரை ரூபாய்க்கு எத்தனை காசு என்று கேட்டால் அறையே கலகலத்துப் போகும். 1956 நவம்பர் 1-க்கு முன் இந்த ஊர் தமிழ்நாட்டிலேயே இல்லை என்பது பல பிள்ளைகளுக்கு அந்த டப்பாவுக்கு முன்னால் நிற்கும்போதுதான் தெரிகிறது.

சரி, கடிதத்துக்கு வருகிறேன். முதல் மூன்று வாரத்தை நாங்கள் வீணாக்கினோம். வார்டு கவுன்சிலர் வீட்டு முற்றத்தில் நின்று சத்தம் போட்டோம். நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் நாளில் வரிசையில் நின்று மனு கொடுத்தோம். அந்த மனு ‘உரிய நடவடிக்கைக்காக’ என்ற குறிப்போடு, எங்களுக்குக் கடிதம் எழுதிய அதே செயல் அலுவலரின் மேசைக்கு வந்து சேர்ந்தது. அவர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். திட்டப்போகிறார் என்று நினைத்துக்கொண்டு போனேன். தணிக்கை அறிக்கையை என் பக்கம் திருப்பி வைத்தார்.

“சார், உங்க மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல. தனியார் சங்கத்துக்கு மன்றத் தீர்மானம் இல்லாம செலவு பண்ணியிருக்குன்னு எழுதிட்டாங்க. தீர்மானம் இருந்தா காட்டுங்க, நான் பதில் எழுதுறேன். இல்லன்னா அந்தப் பணத்த எங்கிட்ட பிடிப்பாங்க.”

இதை முதல் நாளே போய்க் கேட்டிருக்கலாம்.

தீர்மானம் இருந்தது, எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நகல் இருந்தது பின்னறை அலமாரியில். 2017 நவம்பர் 30, ஒக்கி புயல் அடித்த அன்று பின்னறையில் ஓடு பறந்தது. விடிந்ததும் ஓடிப்போய் முதலில் சுவடிகளை எடுத்தோம், அப்புறம் பத்திரங்களை. எங்கள் சொந்த மினிட் புத்தகத்தைக் கடைசியில்தான் எடுத்தோம். அதற்குள் அது ஊறிய அவல் மாதிரி ஆகியிருந்தது. ஊரார் கொடுத்த நூறு வருஷத்துப் பத்திரம் பத்திரமாக இருக்கிறது, எங்கள் சங்கத்தின் பத்து வருஷத்துக் காகிதம் இல்லை. இதைச் செயல் அலுவலரிடம் சொல்ல வெட்கமாகத்தான் இருந்தது.

தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுதினேன். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ‘ஏன் நிறுத்தினீர்கள்’ என்று நான் கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் விளக்கம்தான் வரும், காகிதம் வராது. இன்ன ஆண்டு முதல் இன்ன ஆண்டு வரை இந்தக் கட்டடம் பற்றிய தீர்மானங்களின் நகல் வேண்டும் என்று மட்டும் கேட்டேன். 30 நாள் கெடுவில் 27-ஆம் நாள் நகல் வந்தது.

தீர்மானம் கையில் கிடைத்தும் முழுத் தீர்வு கிடைக்கவில்லை. ‘ஓராண்டுக்கு மட்டும்’ என்று அதில் போட்டிருந்தது. முந்தைய மன்றம் ஆண்டுதோறும் புதுப்பித்து வந்திருக்கிறது. 2016 அக்டோபரில் அந்த மன்றத்தின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்ததோ 2022 பிப்ரவரியில். இடையில் தனி அலுவலர்கள் பார்த்துக்கொண்டார்கள், பழைய வழக்கப்படியே பில்லும் கட்டினார்கள். புது மன்றம் வந்ததும் போய்ப் புதுப்பிக்கச் சொல்லியிருக்க வேண்டியது நாங்கள். தோன்றவே இல்லை. விளக்கு எரிந்துகொண்டுதானே இருந்தது!

ஆக, புதிதாக ஒரு தீர்மானம் வேண்டும். அதற்கு விண்ணப்பிக்கும் சங்கம் உயிரோடு இருக்கவேண்டும். 1975-ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டத்தில் பதிவு செய்திருந்தோம், ஆறு வருஷமாக ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்யவில்லை. ஆடிட்டர், அபராதம், நாகர்கோவிலுக்கு நாலு நடை. அதை விவரித்தால் எனக்கும் அலுப்பு, உங்களுக்கும் அலுப்பு.

பொருள் பட்டியல் போட்டதுதான் பெரிய வேலை. உள்ளே என்ன இருக்கிறது, யாருடையது என்று தெரியாமல் மன்றத்தில் விவாதத்துக்கு வைக்க முடியாது என்றார் செயல் அலுவலர். நியாயம்தான். நாலு வாரக் கடைசி உட்கார்ந்து 612 பொருளுக்கு எண் போட்டோம். பத்திரத்துக்குப் பென்சில் மட்டும். பேனா மை பின்னால் ஊறும். சுவடிக்கு நூலில் கட்டிய அட்டை. மரத்துக்கும் இரும்புக்கும் முதலில் தெளிந்த வார்னிஷ் ஒரு பொட்டு, அது காய்ந்தபின் அதன்மேல் எண். நல்லவேளை, கற்சிலை ஒன்றும் எங்களிடம் இல்லை. நூறு ஆண்டு கடந்த சிலை என்றால் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி அதற்குத் தனியாகப் பதிவு வாங்க வேண்டியிருந்திருக்கும்.

பதிவேட்டில் ‘கொடை’, ‘இரவல்’ என்று இரண்டு பத்தி, எதிரே கொடுத்தவர் கையெழுத்து. அங்கேதான் சிக்கல் தொடங்கியது. எல்லாம் வாய்வார்த்தையில் வந்த சாமான். அருங்காட்சியகத்தை மூடப்போகிறார்கள் என்று பேச்சு கிளம்பியதும் ஒரு அம்மா ஆட்டோவோடு வந்து, “எனக்க மாமியாருக்க உரலு, தந்துருங்க” என்று நின்றார். கொடுத்து அனுப்பினோம். வேறென்ன செய்வது? அவருடையதுதானே.

திளாப்பு கொடுத்த அண்ணாச்சிக்கு எண்பது தாண்டிவிட்டது. பதிவேட்டை அவர் வீட்டுக்கே கொண்டுபோனேன். எட்டிப் பார்த்துவிட்டு, “மக்கா, இதுல கைநாட்டு வச்சா சாமானம் ஆபீசுக்குப் போயிருமோ?” என்றார். இல்லை அண்ணாச்சி, இரவல் என்று எழுதினால் எப்போதும் உங்களுடையதுதான் என்றேன். “எனக்க அப்பனுக்க திளாப்பு இது. நான் தந்தது ஒனக்கு. ஒன் பேரு எழுது, வைக்கேன்.” சங்கத்துக்கு முன்னால் என் பேரையும் எழுதிய பிறகுதான் பெருவிரலை மையில் தொட்டார். பட்டியலில் அந்த ஒரு வரி மட்டும் மற்ற வரிகளைப் போல இல்லை. ஆடிட்டர் கேட்டார், அப்படியே இருக்கட்டும் என்றேன்.

மார்ச் கடைசி மன்றக் கூட்டத்தில் எங்கள் விண்ணப்பத்தை விவாதத்துக்கு வைத்தார்கள். முன்பு நாங்கள் சத்தம் போட்ட அதே கவுன்சிலர்தான் எடுத்துப் பேசினார். அவருக்கு முந்தின வாரமே பட்டியல், வருகைப் பதிவேடு, பள்ளிகள் கொடுத்த கடிதம் எல்லாவற்றின் நகலையும் கொடுத்திருந்தோம். கரண்ட் பில்லுக்குப் பணம் கேட்டதைக் கூட்டத்துக்கு முன்பே நாங்களாகக் கைவிட்டோம். எல்லாவற்றையும் கேட்டால் எல்லாம் போகும் என்று டீச்சர் சொன்னார், அது சரியாகவே இருந்தது. மூன்று ஆண்டுக்குப் பெயரளவு வாடகை, வாரம் ஒருநாள் பெருக்க ஆள். இவ்வளவும் தீர்மானமாயின. பெருக்க வந்த அம்மாவுக்கு மீதி நாள் கூலி போனது போனதுதான். எங்களால் ஈடுகட்ட முடியவில்லை, அவர் இப்போது வேறு இடத்துக்குப் போகிறார்.

தீர்மான நகல் மூன்று எடுத்தோம். ஒன்று சங்கத்தில், ஒன்று டீச்சர் வீட்டில், ஒன்று என் வீட்டு ரேஷன் கார்டு இருக்கும் பையில்.

மின் இணைப்பு எங்கள் சங்கத்தின் பேருக்கு மாறிவிட்டது. முதல் பில் 1,260 ரூபாய், ஒன்பது பேருக்கு ஆளுக்கு 140. இதை எழுதும்போது ஏழு பேர் கொடுத்திருக்கிறார்கள்.