ஆஷ்லி வில்லியம்ஸின் தலை

2016 ஜூலை 1, லீல் நகரம். யூரோ கால்பந்துக் காலிறுதி, வேல்ஸும் பெல்ஜியமும். 13-ஆவது நிமிடத்தில் பெல்ஜியத்தின் நைங்கோலன் தொலைவிலிருந்து அடித்த பந்து வலைக்குள் பாய்ந்தபோது, வேல்ஸின் கதை முடிந்தது என்றே நினைத்தேன். 31-ஆவது நிமிடத்தில் வேல்ஸின் ராம்சி மூலையிலிருந்து அடித்த கார்னர். கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து தலையால் முட்டினார் வேல்ஸ் அணித் தலைவர் ஆஷ்லி வில்லியம்ஸ். 1-1. வேல்ஸ் 3-1 என்று பெல்ஜியத்தை வென்றது. ஆறு நாள் முன்புதான், வட அயர்லாந்துடனான ஆட்டத்தில் தோளில் அடிபட்டும் வெளியேற மறுத்து ஆடியிருந்தார்!

இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டனில் பிறந்தவர். தாய்வழித் தாத்தாவால் வேல்ஸ்காரரானார். பதினாறு வயதில் வெஸ்ட் பிராம் கிளப் அவரைக் கழித்துவிட்டது. பெட்ரோல் நிலையத்தில் வேலை பார்த்துக்கொண்டே ஹெட்னஸ்ஃபோர்டு என்ற சிறு அணிக்கு ஆடினார். பிறகு ஸ்டாக்போர்ட் கிளப். 2008-இல் வேல்ஸின் ஸ்வான்சி கிளப்.

அந்த ஸ்வான்சி ஆண்டுகள்தான் எனக்கு உயிர். 2011-இல் இங்கிலாந்தின் முதல்நிலைப் போட்டியான பிரீமியர் லீக்குக்கு ஏற்றம். 2013-இல் லீக் கோப்பை. பிறகு வந்த எவர்ட்டன் கிளப் காலம் அவருக்குச் சரியாக அமையவில்லை.

வேல்ஸுக்காக 86 ஆட்டங்கள். கோல் அடிப்பவர்களின் பெயரைத்தான் உலகம் சொல்லும். நான் தடுப்பவர்களைப் பார்த்துப் பார்த்தே கால்பந்தை நேசிக்கக் கற்றவன். நேற்றிரவு அந்தத் தலைமுட்டலை மறுபடி பார்த்தேன். கண் கலங்கியது.