ஷாங்காயின் தெருக்களில் முதியவர்கள்

ஷாங்காய் என்றதும் ஊரில் எல்லோரும் கேட்பது ஹுவாங்பு ஆற்றின் கிழக்குக் கரையில் நிற்கும் கோபுரங்களைப் பற்றித்தான். அவற்றுள் உயரமானது 632 மீட்டர். பார்க்க வேண்டியவைதான், மறுக்கவில்லை. ஆனால் வேலை நிமித்தமாக இங்கே குடியேறி, பழைய சந்துகளை ஒட்டிய ஓர் அடுக்ககத்தில் வாழத் தொடங்கிய பிறகு, இந்த நகரத்தின் அன்றாடத்தைக் கையில் வைத்திருப்பவர்கள் பணி ஓய்வு பெற்ற முதியவர்களே என்ற எண்ணம் எனக்கு நாளுக்கு நாள் உறுதிப்பட்டு வருகிறது.

ஏறத்தாழ இரண்டரைக் கோடிப் பேர் வாழும் இந்நகரத்தின் நிரந்தரப் பதிவு பெற்ற குடிமக்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் 60 வயதைக் கடந்தவர்கள். சீனாவில் ஆண்களுக்கு 60, அலுவலகப் பணியில் இருந்த பெண்களுக்கு 55, ஆலைத் தொழிலாளப் பெண்களுக்கு 50 என்பதே பல பத்தாண்டுகளாக ஓய்வு வயதாக இருந்தது. அதிலும் 1990களில் இங்கிருந்த நூற்பாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டபோது, ஐம்பதைக்கூட எட்டாத பெண்கள் பெருந்தொகையாக வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். உடம்பில் தெம்பும் கையில் நேரமும் இருந்த அந்தத் தலைமுறைக்கு வீடுகளோ சிறியவை, குளிர்காலத்தில் உள்ளே உட்காரவும் முடியாதவை. 1950களில் வகுக்கப்பட்ட ஏற்பாட்டின்படி, ஹுவாய் ஆற்றுக்கு வடக்கே உள்ள நகரங்களின் வீடுகளுக்குத்தான் குழாய் வழியே பொதுச் சூடேற்றம் வருகிறது. ஷாங்காய் அந்தக் கோட்டுக்குத் தெற்கே இருப்பதால், ஜனவரி மாதத்தில் வீட்டுக்குள் போர்த்திக்கொண்டு கிடப்பதைவிட, வெயில் விழும் சுவரோரமாக மூங்கில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்வதே கதகதப்பானது. அந்த வெயிலில் அவர்களோடு மெத்தைகளும் போர்வைகளும் காய்கின்றன.

பூங்காக்களைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். ஃபூஷிங் பூங்காவில் நடனம், லூ சுன் பூங்காவில் சேர்ந்திசை, எங்கும் சீட்டாட்டம். அவற்றைவிட என்னை அதிகம் நிறுத்தி வைப்பது, பழைய குதிரைப் பந்தயத் திடலில் அமைந்த மக்கள் பூங்காவில் வார இறுதி நாள்களில் கூடும் திருமணச் சந்தை. பெற்றோர்கள் விரித்த குடைகளைத் தரையில் வரிசையாக வைத்து, ஒவ்வொரு குடையிலும் ஒரு தாளைக் கவ்வியால் பொருத்தியிருப்பார்கள். பிறந்த ஆண்டு, உயரம், படிப்பு, வேலை, சம்பளம், சொந்த வீடு உண்டா என்ற விவரங்கள் அதில் இருக்கும். பெயர் பெரும்பாலும் இருக்காது. நம்மூர் மணமகள் தேவை விளம்பரத்தில் சாதிக்கு உள்ள இடம் இங்கே ஷாங்காய்க் குடிப்பதிவுக்கு இருக்கிறது, ஏனெனில் பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கையும் வீடு வாங்கும் உரிமையும் பெருமளவு அந்தப் பதிவைச் சார்ந்தவை. 1980 முதல் 2015 வரை நடைமுறையில் இருந்த ஒரு குழந்தைக் கொள்கையை நினைவில் வைத்துக்கொண்டு அந்தக் குடைகளைப் பார்த்தால்தான் அவற்றின் பாரம் புரியும். அநேகமாக ஒவ்வொரு தாளும் ஒரு குடும்பத்தின் ஒரே பிள்ளை. தன் பெற்றோர் இங்கே வந்து உட்கார்ந்திருப்பதே தெரியாத பிள்ளைகளும் உண்டு. இதைக் கேலிப் பொருளாக்கி எழுதும் வெளிநாட்டவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. அங்கே உட்கார்ந்திருப்பது கவலை.

எங்கள் அடுக்ககத்தின் அதிகார மையம் குப்பைத் தொட்டிகள் இருக்கும் கொட்டகை. 2019 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த விதிகளின்படி ஈரக் குப்பை, உலர் குப்பை, மறுசுழற்சிக்குரியது, நச்சுத்தன்மை உள்ளது என நான்காகப் பிரித்து, காலையிலும் மாலையிலும் குறித்த நேரத்தில்தான் கொண்டுவர வேண்டும். பிரிக்காதவருக்கு 50 முதல் 200 யுவான் வரை அபராதம் விதிக்கலாம். கோழி எலும்பு ஈரக் குப்பை, பன்றியின் பெரிய எலும்பு உலர் குப்பை, தேங்காய்ச் சிரட்டையும் உலர் குப்பைதான். ஈரக் குப்பையைப் பையிலிருந்து கொட்டிவிட்டு, பையைத் தனியே உலர் தொட்டியில் போட வேண்டும். இவ்வளவையும் மேற்பார்வை செய்பவர் மூன்றாம் மாடியில் வசிக்கும், நூற்பாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியம்மா. சிவப்பு மேலங்கி, ரப்பர் கையுறை, நீண்ட இடுக்கி சகிதம் அவர் நிற்பார். யார் வீட்டில் விருந்து, யார் வீட்டில் சண்டை என்பதெல்லாம் அவருக்குத் தெரியும் என்பதால் இது ஒரு வகைக் கண்காணிப்பும்தான். ஆனால் நாள் தவறாமல் வெறும் பொட்டலப் பெட்டிகளையே கொண்டுவரும் ஐந்தாம் மாடி இளைஞனைப் பிடித்து நிறுத்தி, வீட்டில் அடுப்புப் பற்றவைக்கிறானா, உடம்பு சரியில்லையா என்று விசாரித்ததும் அவர்தான். இந்த விசாரிப்பு இல்லாத கட்டடங்களிலும் நான் குடியிருந்திருக்கிறேன். எனக்கு இதுதான் வேண்டும்.

காய்கறிக் கடை முதல் தெருவோரச் சிற்றுண்டி வரை எல்லாக் கொடுக்கல் வாங்கலும் கைப்பேசிக்குள் போய்விட்ட நகரத்தில் இவர்கள் படும் பாடு தனி. முதியவர்களுக்காகப் பழைய வழிமுறைகளையும் விட்டுவைக்க வேண்டும் என்று நடுவண் அரசே 2020 நவம்பரில் அறிவுறுத்த வேண்டியிருந்தது. 2022 ஏப்ரல் தொடக்கத்திலிருந்து ஏறத்தாழ இரண்டு மாதங்கள் கொரோனாவுக்காக நகரம் அடைக்கப்பட்டபோது அந்தப் பாடு உச்சத்தைத் தொட்டது. அரிசியும் முட்டையும் வேண்டுமென்றால் குடியிருப்பாகச் சேர்ந்து வீசாட் என்ற கைப்பேசிச் செயலியின் குழுவில் மொத்தமாக வாங்க வேண்டும். குழுவில் இல்லாதவருக்குச் செய்தியே எட்டாது. எங்கள் கட்டடத்தில், வழக்கமாக யாருக்கும் வணக்கம்கூடச் சொல்லாத இரண்டு இளைஞர்கள், முதியவர்கள் தனியாக வாழும் வீடுகளின் கதவுகளைத் தட்டி, தேவைகளைத் தாளில் எழுதி வாங்கி, தங்கள் கணக்கில் பதிவு செய்து கொடுத்தார்கள். பெரியம்மா தன் சன்னல் தொட்டியில் வளர்த்த வெங்காயத்தாளை நறுக்கிக் கட்டி, எல்லா மாடிப் படிகளிலும் வைத்துவிட்டுப் போனார். அந்த இரண்டு மாதங்களின் துயரத்தைப் பற்றிச் சொல்ல வேறு நிறைய உண்டு. அதற்குப் பிறகுதான் எங்கள் கட்டடத்தில் வயதானவர்களும் இளைஞர்களும் நின்று பேசத் தொடங்கினார்கள்.

இந்தத் தலைமுறை இப்படியே தொடராது என்பதே என் கவலை. சந்து வீடுகள் இடிக்கப்பட்டு, அங்கிருந்த குடும்பங்கள் நகர எல்லையில் உள்ள உயரமான அடுக்ககங்களுக்கு அனுப்பப்படுகின்றன. 2025 ஜனவரி 1 முதல் ஓய்வு வயது படிப்படியாக உயர்த்தப்படுகிறது. 15 ஆண்டுகளில் அது ஆண்களுக்கு 63, பெண்களுக்கு 55 அல்லது 58 ஆகிவிடும். பெரியம்மாவின் மகள் இரவு ஒன்பது மணிக்குத்தான் வேலையிலிருந்து திரும்புகிறார். ஓய்வுக்குப் பிறகு தாயைப் போல அவரும் கொட்டகையில் நிற்பாரா என்று கேட்டபோது, பெரியம்மா சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார். எங்கள் குடியிருப்போர் குழு, சனிக்கிழமைகளில் மட்டுமாவது வேலைக்குப் போகிறவர்கள் கொட்டகையில் நிற்கும் பொறுப்பை முறைவைத்து ஏற்க வேண்டும் என்று அண்மையில் கேட்டுக்கொண்டது. வெளிநாட்டவரும் சேரலாமா என்று விசாரித்தேன். சேரலாம் என்றார்கள். காலை ஏழு முதல் ஒன்பது வரை என் முறை. மேலங்கியும் இடுக்கியும் அவர்களே தருகிறார்கள்.