ஓரத்தில் ஓர் உரையாசிரியர்

மகள் என்னோடு பேசுவதில்லை. தாத்தாவோடு மட்டும் நன்றாகப் பேசுகிறாள், அதுதான் எரிச்சல். செய்தது அவர், தண்டனை எனக்கு. கேட்டால், புத்தகம் என்னுடையதாம்.

எந்தப் புத்தகம் என்று உங்களுக்கே தெரியும். டிராகன்லான்ஸ். நான் இந்தப் பேச்சை எடுத்தாலே பால் பொங்குகிறது என்று எழுந்து போகிறவர்கள் இப்போதே போகலாம். மார்கரெட் வைஸும் டிரேசி ஹிக்மனும் சேர்ந்து எழுதிய மூன்று ஆங்கில மாயாஜால நாவல்கள். முதலாவது 1984, மற்ற இரண்டும் 1985. நான் படித்த வரிசையே வேறு. லஸ் முனை பிளாட்பாரத்தில் முதலில் மாட்டியது இரண்டாம் பாகம். அதனால் ஸ்டர்ம் என்ற வீரன் கோட்டை மதில்மேல் தன்னந்தனியாக நின்று உயிர் விடுவதை முதலில் படித்து, குலுங்கிக் குலுங்கி அழுதுவிட்டு, சரி, யார் இந்த ஆள் என்று அப்புறம்தான் முதல் பாகத்தைத் தேடிக்கொண்டு போனேன். மூன்றாம் பாகம் மூர் மார்க்கெட் கடையில் கிடைப்பதற்குள் காலேஜ் முடிந்து, அரியரும் முடிந்துவிட்டது. அந்த மூன்று பிரதிகளும் இன்னும் இருக்கின்றன. செல்லோ டேப் பாதி, காகிதம் பாதி.

1999இல் மூன்றையும் ஒரே புத்தகமாக்கி, பக்க ஓரங்களில் ஆசிரியர்களே குறிப்பு எழுதி ஒரு பதிப்பு கொண்டுவந்தார்கள். அது வேண்டும் என்பது என்னுடைய நெடுநாள் ஏக்கம். ஒருவழியாகப் பழைய பிரதி ஒன்று வந்து சேர்ந்தது. ஆயிரம் பக்கத்துக்கு மேல். படுத்துக்கொண்டு படிக்கையில் கண் அசந்தால் மூக்கு போய்விடும். வீட்டுக்காரி கையில் வாங்கி எடை பார்த்துவிட்டு, "இதையா திருப்பிப் படிக்கப் போறீங்க? ஏற்கெனவே மூணும் இருக்கே" என்றாள். இதில் குறிப்பு இருக்கிறது என்றேன். "கதைதானே? அதுக்கு எதுக்கு கோனார் நோட்ஸ்?"

அந்த ஒரு சொல் மாமா காதில் விழுந்திருக்கக் கூடாது.

மாமாவைத் தெரியும்தானே. முப்பது வருஷத்துக்கு மேல் தமிழாசிரியர். பெண் கொடுத்த நாளிலிருந்து என்னுடைய ஒற்றுப்பிழைகளைத் திருத்திவருகிறவர். மேற்கு மாம்பலத்தில் எந்தக் கடைப் பலகையிலும் 'ப்' விடுபட்டிருக்கக் கூடாது என்று கடைக்காரர்களோடு சண்டை போடுகிறவர். கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு படிக்கப் புதிதாக ஒன்றும் இல்லை என்று பஞ்சாங்கத்தின் விளம்பரங்களைப் படித்துக்கொண்டிருந்தார். ஆங்கிலக் கதை என்றாலே முகம் சுளிப்பார். ஆனால் பக்கத்தின் நடுவில் மூலம், ஓரத்தில் உரை என்ற அமைப்பைப் பார்த்ததும் மனிதருக்கு முகமே மாறிவிட்டது.

"மாப்பிள்ளை, யார் உரை இது?"

"எழுதினவங்களே எழுதினது மாமா."

"அதெப்படி? வள்ளுவர் எழுதினார், பரிமேலழகர் உரை சொன்னார். தான் எழுதினதுக்குத் தானே உரை எழுதினா அதுல என்ன நம்பகம் இருக்கு?"

சொன்னாரே தவிர புத்தகத்தைக் கீழே வைக்கவில்லை. அன்றிலிருந்து காலை காபிக்கு அப்புறம் புத்தகம் அவருடையது, இரவு பத்து மணிக்கு மேல் என்னுடையது. அவர் கதையைப் படிப்பதில்லை, கவனியுங்கள். உரை மட்டும். உரையில்லாத பக்கம் வந்தால், "இங்க உரை கிடைக்கலை போலிருக்கு. சிலப்பதிகாரத்துக்கு அடியார்க்கு நல்லார் உரையும் முழுசாக் கிடைக்கலை" என்று அமெரிக்காக்காரர்களுக்குப் பரிவு வேறு.

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்று ஒரு நாள் ஆர்வமாகச் சொல்லித் தொலைத்தேன். ஹிக்மனும் அவர் மனைவி லாராவும் புது வேலைக்காக யூட்டாவிலிருந்து விஸ்கான்சினுக்குக் காரில் போனபோது, வழியெல்லாம் பேசிப் பேசி உருவாக்கியதுதான் முதல் யோசனை. மாமா அசரவில்லை. "பொங்கலுக்கு ஊருக்குப் போறப்ப பெருங்களத்தூர் தாண்டறதுக்குள்ள நமக்கு அஞ்சு காப்பியம் தோணியிருக்கணுமே. உமக்கு என்ன தோணிச்சு?" எனக்கு அந்தப் பயணத்தில் தோன்றியது பாத்ரூம் எங்கே என்பது மட்டும்தான். அதைச் சொல்லவில்லை.

அவருக்கு ரொம்பப் பிடித்துப்போனது ராய்ஸ்ட்லின் என்கிற மந்திரவாதி. சீக்கு உடம்பு, எப்போதும் இருமல், கிசுகிசுக்குரல், பொன்னிறத் தோல், மணற்கடிகார வடிவில் கண்மணி. அந்தக் கண்ணுக்கு எதைப் பார்த்தாலும் அது வாடி, மூப்படைந்து, அழிவதாகவே தெரியும். முதலில் இந்தக் கதை விளையாட்டாகத்தான் இருந்தது, ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டி ஆடுகிற விளையாட்டு. அதன் முதல் ஒத்திகையில் ராய்ஸ்ட்லினாக ஆடிய நண்பர் சும்மா ஒரு கிசுகிசுப்பில் பேச, அதுவே அவனுக்குக் குரலாக நிலைத்துவிட்டது. மாமா இரண்டு நாள் கிசுகிசுவென்றே காபி கேட்டார். அத்தைக்குக் காது கொஞ்சம் மந்தம். இரண்டு நாளும் காபி கிடைக்கவில்லை.

நடுவில் உருளைக்கிழங்கு வேறு. முதல் நாவல் தொடங்கும் விடுதி பெரிய மரத்தின் மேலே இருக்கிறது, அங்கே ஓடிக் என்கிற முதலாளி வறுக்கிற மசாலா உருளைக்கிழங்குக்கு அந்த ஊரே அடிமை. 1987இல் வந்த துணைநூல் ஒன்றில் அதன் செய்முறையைக்கூட அச்சடித்தார்கள். இதை வீட்டுக்காரியிடம் விளக்கியபோது, "உருளை ரோஸ்ட்னு சொல்லிட்டுப் போங்களேன்" என்று முடித்துவிட்டாள். சின்ன வெங்காயம், சோம்பு, இரும்பு வாணலி, அடியில் ஒட்டிக்கொண்ட மொறுமொறுப்பைச் சுரண்டுகிற சத்தம். ஓடிக் வந்து கற்றுக்கொள்ள வேண்டும், அது வேறு விஷயம்.

மகள் இதற்குள் என் பழைய முதல் பாகத்தை எடுத்துப் படிக்கத் தொடங்கியிருந்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. நாற்பது தடவை கெஞ்சியும் தொடாத பிள்ளை, தானாகப் படிக்கிறாள்! அதில் ஃபிஸ்பன் என்று ஒரு கிழ மந்திரவாதி வருவார். மந்திரம் மறந்துபோகும், தலையில் இருக்கிற தொப்பியை ஊரெல்லாம் தேடுவார். மாமா நெற்றியில் கண்ணாடியை வைத்துக்கொண்டு மேஜைக்கடியில் தேடிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, "தாத்தா, நீங்க அப்படியே ஃபிஸ்பன்" என்றாள். மாமா அதை மனதில் குறித்துக்கொண்டார் என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

போன சனிக்கிழமை அவள் முதல் பாகத்தின் கடைசிப் பகுதிக்கு வந்தாள். ஃபிஸ்பன் உயரத்திலிருந்து விழுகிறார், மெதுவாக இறங்குவதற்கான மந்திரத்தைப் பாதிதான் சொல்ல முடிகிறது, வருவது கோழி இறகுக் குவியல். அவ்வளவுதான், ஆள் காலி. பிள்ளை புத்தகத்தை மூடிவிட்டுச் சாப்பிட வரவில்லை. என்ன என்று கேட்டால், "ஃபிஸ்பன் செத்துட்டார்." மாமா ரசம் சாதத்தில் கையை வைத்தபடி உறைந்துபோனார். எழுந்தார், கை கழுவினார், அந்தப் பெரிய புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்தார் பாருங்கள், ராஜராஜனுக்கே முடிசூட்டிவிட்டு வந்தவர் மாதிரி.

"சாகலம்மா. நான் சாகலை. மூணாம் பாகத்துல இருக்கு. அந்தக் கிழவன் யாருன்னு நினைச்சே? கடவுள்! பாலடைன்னு பேர்!"

பத்து மாதமாவது படித்து ஒரு பிள்ளை தானாகக் கண்டுபிடித்து வாயைப் பிளக்க வேண்டிய இடம். மூன்று நாவல் முழுக்கப் பொத்திப் பொத்தி வைத்த ரகசியம். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். அவள் தாத்தாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், "எல்லாம் உன்னாலதாம்ப்பா" என்று சொல்லிவிட்டு அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டாம் தடவை ரசம் வாங்கிக்கொண்டாள். கடவுளோடு யார் கோபித்துக்கொள்வார்கள்?

நேற்று இரவு புத்தகத்தை எடுத்தபோதுதான் பார்க்கிறேன், ஓரமெல்லாம் பென்சில். ராய்ஸ்ட்லினின் கண் வருகிற இடத்தில், பள்ளிக்கூடக் கரும்பலகை எழுத்தில், 'இளமை நிலையாமை, நாலடியார் காண்க.' ஓரிடத்தில் ஆசிரியர்களின் குறிப்புக்கு எதிரே, 'இவ்வுரை பொருந்தாது.' எழுதினவனிடமே!

மூன்றாம் பாகத்தில் ஃபிளின்ட் இறக்கிற இடத்தையும் விடவில்லை. முணுமுணுத்துக்கொண்டே இருக்கிற குள்ளக் கிழவர், உடம்புக்கு முடியாததைக் கூட்டாளிகளிடம் காட்டிக்கொள்ளாமல் நடந்து நடந்து, கடைசியில் மாரடைப்பில் போய்விடுவார். அங்கே மாமா கதையையும் படித்திருக்க வேண்டும், நாலு பக்கத்துக்கு அடிக்கோடு. ஓரத்தில், 'முன்னரே மருத்துவரிடம் சென்றிருக்கலாம். நம் சிவா பார்க் நண்பரும் இவ்வாறே.' பார்க்கில் மாமாவோடு நடந்துவந்தவர் போன ஆவணியில் போனதிலிருந்து மாமா வாக்கிங்கை நிறுத்திவிட்டார், காரணம் கேட்டால் முழங்கால் என்பார்.

அதற்குக் கீழே மகளின் கையெழுத்து: 'தாத்தா, நீங்க இசிஜி எடுத்தீங்களா?' அதற்குக் கீழே மறுபடி பென்சில்: 'இவ்வினா நூலுக்குப் புறம்பானது.' அதற்கும் கீழே அவள்: 'திங்கட்கிழமை போறோம். நானும் வரேன்.'

அவ்வளவும் நீல பால்பாயின்ட் பேனாவில். நல்ல அழுத்தி எழுதியிருக்கிறாள், பின்பக்கம் வரை எழும்பி நிற்கிறது. பென்சிலையாவது ரப்பர் வைத்து அழிக்கலாம் என்று நினைத்திருந்தேன்.