அப்பாவுக்கு வந்தது டிபி இல்லை

அப்பா 24 வருஷம் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கம்பெனியில் இருந்தார். ஆஸ்பெஸ்டாஸ் என்கிற கல்நார் மூட்டையைக் கிழித்து மிக்ஸரில் கொட்டுகிற வேலை. ரிட்டையர் ஆகி ஒன்பது வருஷம் கழித்து, மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கியது. விடாத வறட்டு இருமல். முதலில் போன ஆஸ்பத்திரியில், சளியில் கிருமி தென்படாதபோதும் டிபி என்று ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார்கள். என்ன வேலை பார்த்தீர்கள் என்று அங்கே ஒருவர்கூடக் கேட்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அடுத்துப் பார்த்த நெஞ்சக மருத்துவர் முதுகில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டார், தடித்து வளைந்திருந்த விரல் நுனிகளைப் பார்த்தார். பிறகு, "எங்கய்யா வேலை பார்த்தீங்க?" என்றார். சிடி ஸ்கேனில் இரண்டு நுரையீரலின் அடிப்பகுதியிலும் தழும்பு, மேலுறையில் சுண்ணாம்பு படிந்த திட்டுகள். ஆஸ்பெஸ்டோசிஸ், கல்நார்த் தூசியால் நுரையீரலில் தழும்பு விழுகிற நோய். தூசி உள்ளே போய் 20, 30 வருஷம் கழித்தும் வரும், தழும்பை ஆற்ற மருந்து கிடையாது என்றார். அப்பா தன் பீடிப் பழக்கத்தைச் சொல்லத் தயங்கினார். தயங்க வேண்டியதே இல்லை; பீடியால் அந்தத் திட்டுகள் வராது. ஆனால் கல்நாரோடு பீடியும் சேர்ந்தால் புற்றுநோய் ஆபத்து பல மடங்கு, அன்றோடு விட்டுவிட்டார்.

இ.எஸ்.ஐ. சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் இது தொழில்நோய், அதாவது வேலையால் வருகிற நோய், என்று இருந்தது. ஆனால் இழப்பீடு கேட்க, எந்த செக்‌ஷனில் எத்தனை வருஷம் என்பதற்குக் காகிதம் வேண்டும். இ.எஸ்.ஐ. கார்டு, பி.எஃப். சீட்டு, சர்வீஸ் சர்டிஃபிகேட் எல்லாம் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருந்தன. கம்பெனியில் எடுத்த எக்ஸ்ரேக்கள் மட்டும் இல்லை. கேட்டால், பழைய ரெக்கார்டு கிடையாது என்றார்கள். யூனியனில் இருந்த ஒரு அண்ணன்தான் வழி சொன்னார். 1995 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கல்நார்த் தொழிலாளியின் மருத்துவப் பதிவுகளை வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 வருஷம் அல்லது ஓய்வுக்குப் பிறகு 15 வருஷம், எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்கச் சொல்லியிருக்கிறது. அதை எழுதி ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால் அனுப்பினேன். மூன்று வாரத்தில் ரிப்போர்ட்டுகள் வந்தன.

இ.எஸ்.ஐ. மருத்துவ போர்டு முன்னால் உட்கார 14 மாதம் ஆனது. மாதாமாதம் இயலாமைத் தொகை வருகிறது, பெரிய தொகை இல்லை. அன்று போர்டில் இருந்த ஒரு பெண்மணி, "இவர் யூனிஃபார்மை யார் துவைச்சாங்க?" என்று கேட்டார். நான் அதுவரை நினைத்தே பார்க்கவில்லை. 24 வருஷமும் அம்மாதான், அந்தத் தூசியை உதறி உதறித் துவைத்தது. வருகிற திங்கட்கிழமை அம்மாவுக்கு எக்ஸ்ரே.