ஜெர்மன்ல ‘ஹாபன்’ எப்படி ‘ஹாம்’ ஆகுது

ஜெர்மன் கத்துக்குறவங்க எல்லாரும் ஒரு கட்டத்துல இதுல வந்து முட்டிக்குவாங்க, புக்ல “ஹாபன் வியர்”னு (நம்மகிட்ட இருக்கு) இருக்கு, ஜெர்மன்காரங்க பேசும்போது “ஹாம்வா”ன்னு காதுல விழுது, நடுவுல இருந்த ‘ப்’ எங்க போச்சு? சோம்பேறித்தனம், பசங்க மொழியைக் கெடுக்குறாங்கன்னு சிலர் சொல்றதை என்னால ஒத்துக்கவே முடியாது. வாய்க்குள்ள என்ன நடக்குதுன்னு பாத்தா அவ்ளோ ஒழுங்கா இருக்கு.

‘ஹாபன்’ல அழுத்தம் முழுக்க முதல் அசையில, அதனால கடைசி அசையில இருக்குற மங்கலான உயிரொலி முதல்ல போயிடும். இப்ப ‘ப்’பும் ‘ன்’னும் ஒட்டிக்குது. ‘ப்’ சொல்ல உதட்டை ஏற்கனவே மூடியாச்சு, ‘ன்’னுக்காக அதைத் திறந்து நாக்கை மேல கொண்டு போறதை விட மூடின உதட்டோடயே மூக்கு வழியா காத்தை விட்டா ‘ம்’ வந்துடுது, ஆக ‘ஹாப்ம்’. இது பரவலா ஏத்துக்கிட்ட உச்சரிப்புதான். இன்னும் வேகமா பேசினா மூக்குப் பாதை கொஞ்சம் சீக்கிரமே திறந்து அந்த ‘ப்’பும் ‘ம்’ல கரைஞ்சு ‘ஹாம்’. ‘லேபன்’ ‘லேம்’ ஆகுறதும் இதே வழிதான்.

கடைசி ‘ட்’ கதை வேற. ‘இல்ல’ன்னு சொல்ற ‘நிஷ்ட்’ ‘நிஷ்’ ஆகும், ‘இஸ்ட்’ ‘இஸ்’ ஆகும், ‘யெட்ஸ்ட்’ ‘யெட்ஸ்’ ஆகும், ஆனா வெளிச்சத்துக்கு சொல்ற ‘லிஷ்ட்’ல அதே ‘ட்’ பெரும்பாலும் அப்படியே நிக்கும். ஏன்னா ‘நிஷ்ட்’ எப்பப் பாத்தாலும் வர்ற சொல், பாதி கேட்டதுமே எதிர்ல இருக்குறவங்க புரிஞ்சுக்குவாங்க. நாமளும் ‘இருக்கிறது’ன்னு எழுதிட்டு ‘இருக்கு’ன்னுதான பேசுறோம்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் ஜெர்மனியோட கீல் பல்கலைக்கழகத்துல ஒலியியல் அறிஞர் க்ளாவுஸ் கோலர் பண்ண ஆராய்ச்சி. ‘கொன்னன்’ (முடியும்), ‘கொன்ட்டன்’ (முடியலாம்) ரெண்டும் வேற வேற அர்த்தம், வேகமான பேச்சுல ரெண்டாவதுல இருக்குற ‘ட்’டுக்கு நாக்கு தனியா வேலையே செய்யாது, ஆனா அந்த இடத்துல தொண்டை மட்டும் லேசா இறுகி குரல் கரகரக்கும். ஒலி போனாலும் தடயம் இருக்கு, கேக்குறவங்களுக்கு வித்தியாசம் தெரியறதுக்கு அது போதும்!

சாக்ஸனி, நியூர்ன்பெர்க் பக்கம் இன்னொரு மாதிரி, அங்க ஒலி விழறதில்ல, மெலிஞ்சுடுது. ‘ப’வோட வல்லின உச்சரிப்பும் (p) மெல்ல சொல்ற உச்சரிப்பும் (b) ஒண்ணாயிடும், அதனால பேர் எழுதும்போது “கடினமான ப-வா, மென்மையான ப-வா”ன்னு கேட்டுக்குவாங்க. இது பல நூற்றாண்டா வர்ற வட்டார வழக்கு, அவசரத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.

ஒவ்வொரு எழுத்தையும் முழுசா சொல்றதுதான் ‘சரியான’ ஜெர்மன்ங்கிற எண்ணத்துல 1898ல மொழியியல் அறிஞர் தியோடோர் ஸீப்ஸ் வெளியிட்ட மேடை உச்சரிப்பு விதிகளுக்கு பெரிய பங்கு இருக்கு. மைக் இல்லாத நாடக அரங்குல கடைசி வரிசை வரைக்கும் கேக்கணும்னா அப்படித்தான் பேசணும், ஆனா பக்கத்துல உக்காந்து பேசுறவங்களுக்கு அது எதுக்கு?

புதுசா கத்துக்குறவங்க அழுத்தமான அசையையும் அதோட முதல் மெய்யையும் பிடிச்சுக்கோங்க, அதை ரொம்ப அரிதாத்தான் விடுவாங்க. அப்பவும் புரியலன்னா தயங்காம திரும்பக் கேளுங்க, பெரும்பாலும் அதே ஆள் ரெண்டாவது தடவை ‘ட்’டோட நிதானமா “நிஷ்ட்”னு சொல்லுவாங்க.