தொப்பிகளோடு பேசுகிறவள்

டயானா வின் ஜோன்ஸ் எழுதிய 'ஹௌல்ஸ் மூவிங் காசில்' நாவலை 19 வயதில் முதலில் படித்தேன். இப்போது 41. போன வாரம்தான் மறுபடி எடுத்தேன். இடையில் ஜப்பானிய அனிமேஷன் இயக்குநர் மியாசாகி இதை வைத்து எடுத்த படத்தை எத்தனை தடவை பார்த்தேனோ, கணக்கே இல்லை. அதில் நாவல் மெல்லக் கரைந்துபோய், மனதில் படம் மட்டும் தங்கிவிட்டது. மந்திரவாதி ஹௌலின் நகரும் கோட்டை என்றாலே பறவைக்கால் முளைத்த அந்த இரும்புக் குவியல்தான் கண்ணில் நின்றது. புத்தகத்தில் அது நான்கு ஒல்லிக் கோபுரங்களோடு இருக்கும் நெட்டைக் கறுப்புக் கோட்டை என்பது சுத்தமாக மறந்துவிட்டது.

மறந்ததில் பெரியது தொப்பிக்கடை. இங்கரி என்ற நாட்டில் மூன்று பிள்ளைகளில் மூத்தவராகப் பிறப்பது துரதிர்ஷ்டம். எதற்குக் கிளம்பினாலும் முதலில் தோற்பது மூத்தவர்தான். நாவல் அப்படித்தான் தொடங்குகிறது. நானும் மூவரில் மூத்தவள். 19 வயதில் அந்த முதல் பக்கமே என்னைப் பிடித்துக்கொண்டது. தங்கைகள் இருவரையும் வெளியே வேலை பழக அனுப்பிவிட்டு, மூத்தவளான நாயகி சோஃபியை மட்டும் குடும்பத்தின் தொப்பிக்கடையில் வைத்துக்கொள்கிறாள் சிற்றன்னை. நாள் முழுக்க உள்ளறையில் தனியாக உட்கார்ந்து தைக்கிறாள் சோஃபி. பேச்சுத்துணைக்கு யாருமில்லை. அதனால் தொப்பிகளோடு பேச ஆரம்பிக்கிறாள்.

ஒரு தொப்பியிடம், நீ பணக்காரரைத்தான் கட்டிக்கொள்ள வேண்டும் என்கிறாள். இன்னொன்று பார்க்க ரொம்பச் சாதாரணமாக இருக்கிறது. அதன்மேல் இரக்கப்பட்டு, உனக்குத் தங்கமான மனசு, பெரிய இடத்தில் இருக்கிற ஒருவர் அதைக் கண்டுகொள்வார் என்று ஆறுதல் சொல்கிறாள். கொஞ்ச நாளில் அந்தத் தொப்பியை வாங்கிய பெண் ஒரு பிரபுவோடு ஓடிப்போய்விட்டாள் என்று ஊரே பேசுகிறது. சோஃபி சொன்னதெல்லாம் பலிக்கிறது. அவளுக்கு மட்டும் அது தெரியவில்லை. எவ்வளவு அமைதியாக, எவ்வளவு தள்ளி வைத்திருக்கிறார் ஜோன்ஸ் இந்தக் குறிப்பை! இந்த முறை அந்தப் பக்கத்தில் வெகுநேரம் நின்றுவிட்டேன். வாயைத் திறக்காத பெண் என்று ஊர் நினைக்கும் ஒருத்தியின் முழுச் சக்தியும் அவள் வாயில்தான் இருக்கிறது.

அப்புறம் பாழ்நிலத்துச் சூனியக்காரி அவளைக் கிழவியாக்குகிறாள். வீட்டை விட்டுக் கிளம்பி ஹௌலின் கோட்டைக்குள் போய்ச் சேர்கிறாள் சோஃபி. கிழவியானதும் அவளுக்குத் தயக்கம் போய்விடுகிறது. கைத்தடியோடு பேசுகிறாள், மண்டையோட்டோடு பேசுகிறாள், ஹௌலைத் திட்டித் தீர்க்கிறாள். சாபத்தை எடுக்கத் தான் பலமுறை முயன்றதாகவும், அவளுக்கே அந்த வேஷம் பிடித்திருக்கிறது போல என்று விட்டுவிட்டதாகவும் பின்னால் ஹௌல் சொல்லும் இடம் இருக்கிறதே, 19 வயதில் அதைத் தாண்டிப் போயிருக்கிறேன். இப்போது புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டேன். மூத்தவள் என்ற வேஷத்துக்குள் நானும் வசதியாக ஒளிந்திருந்தேன்.

படம் இதையெல்லாம் வேறு வழியில் சொல்கிறது. 2004இல் வந்த அந்தப் படத்தில் சோஃபியின் வயது முகத்தில் ஏறி இறங்குகிறது. தூங்கும்போது இளமை திரும்பியிருக்கும். அரண்மனையில் ஹௌலுக்காக வாதாடும்போது பேசப்பேசச் சுருக்கங்கள் மறைந்து இளம்பெண்ணாகிறாள். நீ அவனைக் காதலிக்கிறாய் என்று எதிரே இருப்பவள் சொன்ன மறுநொடி கிழவியாகச் சுருங்கிப்போகிறாள். எழுத்தில் செய்யவே முடியாத காட்சி. ஜப்பானிய மொழியில் பார்த்தால் இரண்டு வயதுக்கும் ஒரே குரல், சியேகோ பாய்ஷோ. ஆங்கில டப்பிங்கில் இரண்டு நடிகைகள். எனக்கு ஜப்பானியம்தான். குரல் ஒன்றாக இருந்தால்தான் உள்ளே இருப்பவள் மாறவில்லை என்பது காதுக்குத் தெரிகிறது.

படம் விட்டதும் நிறைய. ஹௌல் உண்மையில் வேல்ஸ் நாட்டுக்காரன், அங்கே அக்கா குடும்பம் இருக்கிறது என்பதெல்லாம் இல்லை. கோட்டைக் கதவின் குமிழை எந்த நிறத்துக்குத் திருப்புகிறோமோ அதற்கேற்ற இடத்துக்கு அது திறக்கும். புத்தகத்தில் கறுப்புப் பக்கம் வேல்ஸுக்குத் திறக்கும், படத்தில் போருக்கு. ஹௌலிடம் மந்திரம் பழகும் 15 வயது மைக்கேல் படத்தில் சின்னப் பையனாகிவிட்டான். போர் படத்தை ரொம்பவே கனமாக்கிவிட்டு, கடைசியில் சட்டென்று முடிந்தும்போகிறது. நாவலின் முடிவிலும் அவசரம் உண்டு. சோளக்கொல்லைப் பொம்மை, நாய் மனிதன், காணாமல்போன இளவரசன் எல்லாருடைய முடிச்சும் ஒரே மூச்சில் அவிழ்கிறது. சூனியக்காரி மனிதர்களைப் பிரித்து மாற்றி ஒட்டியதில் யார் தலை யாருடையது என்று புரிய நான் இரண்டு தடவை படிக்க வேண்டியிருந்தது.

ஹௌலின் இதயத்தை வைத்துக்கொண்டு கோட்டையை நகர்த்தும் நெருப்புப் பூதம் கால்சிஃபரிடம் வருகிறேன். ஹௌலின் இதயத்தைத் திருப்பித் தந்தால் அந்த நெருப்புப் பூதம் செத்துப்போகுமா? வேறு யார் செய்தாலும் சாவேன், நீ பேசினால் எதற்கும் உயிர் வரும் என்கிறது கால்சிஃபர். சரி, இன்னொரு ஆயிரம் வருஷம் இரு என்கிறாள் சோஃபி. சொல் மட்டும் போதாதோ என்று மனதையும் சேர்த்து அழுத்திச் சொல்கிறாள். முதல் அத்தியாயத்துத் தொப்பிகள் அத்தனையும் இந்த ஒரு வரிக்காகத்தான் தைக்கப்பட்டிருக்கின்றன.

படித்து முடித்த ராத்திரியே படத்தைப் போட்டேன். மியாசாகி தொப்பிகளோடு பேசுவதை விட்டுவிட்டார், ஆனால் அந்த வரியை விடவில்லை. கால்சிஃபர் ஆயிரம் வருஷம் வாழட்டும், ஹௌலுக்கு மனசு திரும்பட்டும் என்று சோஃபி கையில் துடிக்கும் நெருப்போடு சொல்கிறாள். இத்தனை வருஷமும் அதை ஒரு பிரார்த்தனை என்றே கேட்டுவந்திருக்கிறேன். அன்றைக்கு, கடையின் உள்ளறையில் ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருந்தவளின் குரலாக அது கேட்டது. கொஞ்சம் பின்னால் நகர்த்தி, அந்த இடத்தை மட்டும் இன்னொரு தடவை பார்த்தேன்.